எது டிஸ்கோ என்று காலைக் கேளுங்கள்

பாட்டு விஷயத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரிக்காரர்களிடம் வாய் கொடுத்து மீள்வது கடினம். கஸல் பாடிய உம்பாயி அந்த ஊர்க்காரர். அந்தச் சந்துகளின் கல்யாண வீடுகளில் பாடியே பேர் வாங்கியவர் மெஹ்பூப். யேசுதாஸ் 1940இல் பிறந்தது பக்கத்து ஃபோர்ட் கொச்சியில். காயலைத் தாண்டினால் எர்ணாகுளம் ரவிபுரம். ஜெயச்சந்திரன் 1944இல் பிறந்த இடம் அது. ரஃபியா, தலத் மஹ்மூதா என்று தொடங்கும் பேச்சு அங்கே நள்ளிரவைத் தாண்டும். குஜராத்திகளும் கொங்கணிகளும் தமிழரும் கச்சி மேமன்களும் நெருங்கி வாழும் தெருக்களில் எல்லோருக்கும் பொதுச் சொத்து இந்திப் பாட்டு.

அந்தத் தேர்ந்த காதுகளுக்கு முன்னால் டிஸ்கோவைப் போட்டால் மட்டும் வழக்கு சிக்கலாகிவிடும். 1970களின் கடைசியில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் தோளில் சுமந்து வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளில் போனி எம்மும் ஆபாவும் கேரளக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். 1980இல் இந்தியில் ‘குர்பானி’ படம், 1982இல் ‘டிஸ்கோ டான்ஸர்’. அதற்குப் பிறகு பளபளக்கும் சட்டையும் சுழலும் கண்ணாடி உருண்டையும் இருந்தாலே டிஸ்கோ என்று ஆகிவிட்டது. தமிழ்த் திரையில் ஒரு நடிகைக்கே டிஸ்கோ சாந்தி என்று பெயர். எது நல்ல டிஸ்கோ என்பதிருக்கட்டும், எது டிஸ்கோ என்பதிலேயே இன்றுவரை இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை.

காரணம் எளிது. நாம் மெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பாட்டு எப்படி என்று கேட்டால் ராகம் சொல்வோம், வரி சொல்வோம், குரலைச் சொல்வோம். கஸல் கேட்பவருக்கு வரிதான் உயிர். டிஸ்கோவில் இவை எதற்கும் ஓட்டுரிமை கிடையாது. 1976இல் வால்டர் மர்ஃபி என்பவர் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனியை எடுத்து டிஸ்கோவாக்கினார்; அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நம்மூர் சாட்சியும் உண்டு. ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் பப்பி லஹிரியும் உஷா உதுப்பும் பாடும் ‘கோயி யஹான் நாச்சே’வின் மெட்டு, பக்ள்ஸ் குழுவின் ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ பாட்டிலிருந்து வந்தது. மூலப் பாட்டை யாரும் டிஸ்கோ என்பதில்லை. மெட்டு அப்படியே இருக்க, அதன் அடியில் ஓடும் தாளத்தை மாற்றியதும் இந்தியாவே அதை டிஸ்கோ என்று ஏற்றுக்கொண்டது. ஆக, குடியுரிமை வழங்குவது மேலே மிதக்கும் மெட்டு அல்ல, கீழே விழும் அடி.

அந்த அடி எப்படிப்பட்டது? நாலு அடி கொண்ட சுற்று ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ராக் இசையில் காலால் மிதிக்கும் பெரிய டிரம் பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் விழும். டிஸ்கோவில் நாலிலும் விழும், விடாமல். ஒவ்வொரு அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஹை-ஹாட் எனும் இரட்டைத் தாளத்தட்டு ஒரு கணம் திறந்து மூடும். தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ். ஃபிலடெல்ஃபியாவின் டிரம்மர் ஏர்ல் யங் 1973இல் ‘த லவ் ஐ லாஸ்ட்’ என்ற பாட்டுக்கு இப்படி வாசித்தார். மெதுவான சோகப் பாட்டாகத் தொடங்கியதை வேகமாக வாசித்துப் பார்த்தபோது பிறந்தது அது. உலகம் முழுவதும் அடுத்த பத்தாண்டுக்கு ஓடிய தாளத்தின் விதை அந்த ஒரு ஒலிப்பதிவில் இருக்கிறது.

வேகம் இன்னொரு சங்கதி. டிஸ்கோ பாடல்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 110 முதல் 130 அடிகளுக்குள் அடங்கும், நடுவில் 120. நொடிக்கு இரண்டு. இந்த எண்ணை எந்த இசையமைப்பாளரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. 2005இல் மக்டூகல், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் சாதாரண மனிதர்களின் உடலில் அசைவுமானியைக் கட்டி, அவரவர் வேலையைப் பார்க்கும்படி நாள் முழுக்க விட்டுவிட்டார்கள். குள்ளர், உயர்ந்தவர், ஆண், பெண், இளையவர், முதியவர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லாமல் எல்லோருடைய நடையும் நொடிக்கு இரண்டு அடி என்ற இடத்தைச் சுற்றியே குவிந்திருந்தது. நடன மேடைக்காரர்கள் கூட்டம் எப்போது எழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்து நின்ற வேகமும், மனிதன் தன்னை மறந்து நடக்கும் வேகமும் ஒன்று.

கால் ஏன் தானாக ஆடுகிறது என்பதற்கு மூளை ஆய்வாளர்கள் சொல்லும் விடை இன்னும் சுவையானது. தாளம் கேட்கும்போது, உடம்பை அசைக்காமல் படுத்திருந்தாலும், மூளையில் அசைவுக்குப் பொறுப்பான பகுதிகள் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. இதை ஜெசிகா கிரான் 2007இல் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை ஒவ்வொரு முறையும் முன்கூட்டிக் கணிக்கிறது. இது பழக்கத்தால் மட்டும் வந்ததாகவும் சொல்ல முடியாது. பிறந்து சில நாளே ஆன, தூங்கும் குழந்தைகளுக்கு டிரம் தாளம் கேட்கவைத்து, நடுவே முதலடியை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தார்கள். குழந்தையின் மூளை ‘எங்கே அது?’ என்று திடுக்கிட்டது மின்பதிவில் தெரிந்தது. 2009இல் வெளியான ஆய்வு இது.

அடி சீராக விழுந்தால் போதும் என்றால் தண்ணீர் மோட்டாரும் டிஸ்கோதான். நல்ல டிஸ்கோவை வெறும் டிஸ்கோவிலிருந்து பிரிப்பது சீரான அடிக்கு மேலே நடக்கும் குறும்பு. பேஸ் கிடார் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு நூல் முன்னே வரும், அல்லது சற்றுப் பொறுத்து வரும். தந்தி வாத்தியங்கள் அடியில்லாத இடத்தில் வெட்டும். கச்சேரி கேட்பவர்களுக்கு இது புதிதில்லை. சமத்தில் எடுக்காமல் முன்னால் எடுத்தால் அதீதம், தள்ளி எடுத்தால் அநாகதம் என்று நாம் இலக்கணமே வைத்திருக்கிறோம். 2014இல் மரியா விடெக் தலைமையில் நடந்த ஆய்வு இந்தக் குறும்பின் அளவை அளந்தது. மீறல் அறவே இல்லாத தாளத்துக்கு ஆடும் ஆசை குறைவாகவே வந்தது. மிகவும் கூடினால் தாளமே பிடிபடவில்லை. நடுவில் இருந்தபோதுதான் ஆசை உச்சத்தில் நின்றது. மூளை கணிக்க முடிய வேண்டும், ஆனால் கொஞ்சம் ஏமாறவும் வேண்டும்.

இந்த அளவுகோலோடு புகழ்பெற்ற ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பீ ஜீஸின் ‘ஸ்டேயின் அலைவ்’, 1977. நிமிடத்துக்கு ஏறக்குறைய 103 அடி. டிஸ்கோவுக்கு இது மந்தம் என்று கறார் பேர்வழிகள் விலக்குவார்கள். ஆனால் அதன் பிறப்புக் கதை வேறு தீர்ப்பைச் சொல்லவைக்கிறது. பிரான்ஸில் ஒலிப்பதிவு நடந்தபோது குடும்ப நெருக்கடியால் டிரம்மர் ஊருக்குப் போய்விட்டார். அதனால், ஏற்கெனவே பதிவான ‘நைட் ஃபீவர்’ பாட்டிலிருந்து இரண்டு சுற்று டிரம்மை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். மனிதக் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் மயிரிழை தள்ளாடும். அந்த வளையம் அசையவே இல்லை. ஆல்பத்தில் டிரம்மராக பெர்னார்ட் லூப் என்று ஒரு பெயரைப் போட்டார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது. நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்தி உயிர் கொடுக்கும் முதலுதவியை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை செய்யவேண்டும் என்பதால், பயிற்சி கொடுப்பவர்கள் இந்தப் பாட்டை மனதுக்குள் ஓட்டச் சொல்கிறார்கள். என் கணக்கில் இது டிஸ்கோதான், வேகம் குறைந்தாலும்.

நீளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். நியூயார்க்கின் ஒலிக்கலவையாளர் டாம் மௌல்டன் 1970களின் நடுவில் ஒரு பாட்டை மாதிரித் தட்டில் வெட்டக் கொடுத்தபோது 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. கிடைத்தது 10 அங்குலம். வெட்டிய ஒலிப்பள்ள வரிகள் ஓரத்தில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியெல்லாம் மொட்டையாக நின்றது பார்க்கச் சகிக்காமல், வரிகளைப் பரப்பி வெட்டச் சொன்னார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். தாழ்ந்த சுருதி ஒலிக்கு ஊசி அகலமாக ஊசலாட வேண்டும். அகல ஊசலுக்கு வரிகளுக்கு நடுவே இடம் வேண்டும். சின்னத் தட்டில் அந்த இடம் இல்லாததால் அடியொலியை ஒடுக்கித்தான் வெட்டுவார்கள். பெரிய தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் வரி ஓடும் வேகமும் அதிகம்: 45 சுற்று வேகத்தில் 7 அங்குலத் தட்டில் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர், 12 அங்குலத்தில் 70க்கு அருகில். இதனால் கூர்மையான ஒலியும் தெளிவாகப் பதிகிறது. பெரிய தட்டில் நீண்ட பாட்டுக்கும் இடம் கிடைத்தது. 1976இல் ‘டென் பர்சென்ட்’ என்ற பாட்டை வால்டர் கிப்பன்ஸ் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்ட, அதை 12 அங்குலத்தில் கடைக்கே அனுப்பினார்கள். பாட்டு நின்று தாளம் மட்டும் தனியே ஓடும் நீண்ட இடைவெளிதான் இதில் உயிர். ஆடுபவர் தன்னை மறப்பது அங்கேதான்.

இப்படி நேரத்தைப் பொருளாக வைத்து மனிதர்களை மயக்குவது எர்ணாகுளம் மாவட்டத்துக்குப் புதிய வித்தை இல்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் விருச்சிக உற்சவத்தின்போது நின்று பஞ்சாரி மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். 96 அட்சரச் சுற்றில் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6இல் முடியும் மேளம், மணிக்கணக்கில். சுற்று சுருங்கச் சுருங்கக் கூட்டத்தின் கைகள் மேலே போகும். டிஸ்கோ நேரெதிர் வழி: வேகத்தைத் தொடவே தொடாது, அதன் மேல் வாத்தியங்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும். எது உயர்ந்தது என்று கேட்டால் நான் மேளத்தின் பக்கம்தான் நிற்பேன். அதன் கட்டிடக் கலையோடு ஒப்பிட டிஸ்கோவில் எதுவும் இல்லை. ஆனால் இரண்டிலும் செவியை விட நெஞ்சுக்கூடு நன்றாகக் கேட்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னிசைக் கச்சேரியின் நடுவே, காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். இயக்கியபோது கூட்டத்தின் ஆட்டம் சுமார் 12 சதவீதம் கூடியது. அப்படி ஒன்று ஒலிப்பதே யாருக்கும் தெரியவில்லை.

சரி, நம் பாடல்களுக்கு வருவோம். ‘குர்பானி’யின் ‘ஆப் ஜைசா கோயி’ எந்தச் சோதனையிலும் தேறும். அதை அமைத்த பிட்டு பெங்களூரில் பிறந்து இங்கிலாந்து போனவர்; 1974இல் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ தயாரித்து உலகையே ஆட்டிவைத்தவர். லண்டனில் பதிவான ‘ஆப் ஜைசா கோயி’யைப் பாடியபோது நாஜியா ஹசனுக்குப் பதினைந்து வயது. பாடகி அடக்கமாகப் பாட, தாளம் முன்னால் நிற்கிறது. இந்தித் திரையில் அதற்கு முன் அந்த வரிசை தலைகீழாகவே இருந்தது. ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி’யின் துடிப்பில் குற்றமில்லை, ஒட்டாவான் குழுவின் பிரெஞ்சுப் பாட்டிலிருந்து எடுத்ததால் துடிப்பும் கூடவே வந்துவிட்டது. மலையாளத்தில் கீபோர்டையும் மேற்கத்தியத் தாளத்தையும் படத்துக்குப் படம் கொண்டுவந்த கே. ஜே. ஜாய் டிஸ்கோவின் வாசலில் நின்றவர். மெட்டின் மேல் அவருக்கிருந்த ஆசை உள்ளே போகவிடவில்லை.

இளையராஜா ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘இளமை இதோ இதோ’ 1982இலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு நள்ளிரவையும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவைக்கிறது. கொண்டாட்டப் பாட்டாக அதற்கு நிகரில்லை. டிஸ்கோவாக நான் ஏற்கமாட்டேன். ராஜாவின் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் ஒன்றுபோல் இருக்காது. நாலைந்து நிமிடத்துக்குள் அத்தனை நிறம் மாற்றுகிறவருக்கு ஒரே தாளத்தில் ஒன்பது நிமிடம் கிடப்பது தண்டனை. 1986இன் ‘விக்ரம்’ தலைப்புப் பாட்டில்தான் இயந்திரத் துடிப்புக்கு அவர் அதிகம் இடம்விட்டார் என்பது என் எண்ணம்.

விசித்திரமான வழக்கு சரண்ஜித் சிங்குடையது. பம்பாய்த் திரையிசையில் வாத்தியம் வாசித்த இவர் 1982இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஒரு டிரம் பெட்டி, ஒரு பேஸ் பெட்டி, ஒரு சிந்தசைசர். மால்கௌன்ஸ், பூபாலி, யமன் என்று ராகங்கள். நம் கணக்கில் ஹிந்தோளம், மோகனம், கல்யாணி. அப்போது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது வெளிநாட்டு ரசிகர்கள் மலைத்தார்கள்: சிகாகோவில் 1987இல் பிறந்ததாக எல்லோரும் நம்பிய ஆசிட் ஹவுஸ் இசையின் அதே சத்தம், ஐந்து வருடம் முன்னதாக, பம்பாயில். பெயரிலேயே டிஸ்கோ இருந்தும் அது டிஸ்கோவைத் தாண்டிப் போய்விட்ட தட்டு.

அடுத்த முறை இந்தச் சண்டை வந்தால் பாட்டைப் போட்டு, பெரிய டிரம்மின் அடியைப் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். விடை 110க்கும் 130க்கும் நடுவே வந்தால் அடுத்த கேள்வி: ஒவ்வொரு அடியிலும் டிரம் விழுகிறதா, இடையே ஹை-ஹாட் திறக்கிறதா, பேஸ் உங்களை அவ்வப்போது ஏமாற்றுகிறதா? பாடகர் வாய் மூடிய பிறகும் ஆட முடிகிறதா? என் வரிசையில் முதலிடம் 1977இல் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் டோனா சம்மரும் மியூனிக்கில் செய்த ‘ஐ ஃபீல் லவ்’. முழுவதும் சிந்தசைசர், பெரிய டிரம்மை மட்டும் மனிதர் ஒருவர் மிதித்தார். இந்தியப் பாடல்களில் ‘ஆப் ஜைசா கோயி’. ‘ஜிம்மி ஜிம்மி’க்கு முதல் ஐந்தில்கூட இடமில்லை.