கூர்க்கன் வேரும் குழித்தட்டும்

கொல்லிமலையை அடுத்த ஆத்தூர் வட்டாரத்தில் மருந்துக் கூர்க்கன் பயிராகிறது. நம் வீட்டுக் கற்பூரவல்லிக்கு அது உறவு. மருந்து இருப்பதோ வேர்க்கிழங்கில். இதை எப்படிக் கண்டார்கள்? 1970-களில் பம்பாயிலும் லக்னோவிலும் ஆய்வாளர்கள் செடிச்சாறுகளை ஒவ்வொன்றாக விலங்குகளில் சோதித்தனர். கூர்க்கன் சாறு இரத்த அழுத்தத்தைத் தணித்தது! அதிலிருந்து பிரித்த பொருளே பார்ஸ்கோலின்.

இன்று உள்ளங்கையளவுத் தட்டில் 1,536 குழிகள், குழிதோறும் உயிரணுக்கள். இயந்திரக் கை மருந்துப்பொருளைச் சொட்ட, ஒளிமானி விளைவை அளக்கிறது. ஒரே நாளில் இலட்சம் பொருள்களைச் சோதிக்கலாம். செடிச்சாறுதான் இதில் தொல்லை: அதன் நிறமும் டானினும் பொய்விடை காட்டும். பார்ஸ்கோலின் உயிரணுவில் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்னும் செய்திப்பொருளைப் பெருக்கும். ஆகவே, அதைக் குறைக்கும் புது மருந்துகளைத் தேடும்போது, குழிகளில் பார்ஸ்கோலினையும் சொட்டுகிறார்கள்.