விதைநெல்லை யாரும் தொடவில்லை

உட்காருங்கள் அக்கா. டீ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். கடைசி கீமோ முடிந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். இனி கேட்க இருப்பதெல்லாம் முடியைப் பற்றித்தான்: எப்போது வரும், எப்படி வரும், முன்போலவே இருக்குமா? மூன்றுக்கும் பதில் உண்டு. உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிற பதில் இல்லை. உடம்பு வேலை செய்கிற விதத்திலிருந்து வருகிற பதில்.

டெல்லியின் இந்தப் புசா ரோட்டில் இந்தக் கேள்வி புதிதில்லை. 1959இல் நேரு திறந்துவைத்த பி.எல். கபூர் மருத்துவமனை, இன்றைய பி.எல்.கே.-மேக்ஸ், இந்தச் சாலையில்தான் இருக்கிறது. டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இதே சாலையில்தான். அங்கே படித்த கரோல் பாக் பிள்ளைகளில் சிலர், இன்று அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். மருந்து, செலவு, ஸ்கேன் எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுவிடுகிறார்கள். முடியைப் பற்றிக் கேட்க மட்டும் கூச்சம். உயிர் பிழைத்திருக்கிறோம், இதைப்போய்க் கேட்பதா என்று நினைக்கிறார்கள். கேட்கலாம் அக்கா. கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் முடி ஏன் கொட்டியது என்பதைப் பார்ப்போம். தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு எட்டு, ஒன்பது எந்த நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முடியின் வளரும் பருவம் 2 முதல் 6 வருடம். பிறகு சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். வளரும் முடியின் அடியில் குமிழ்போல ஓர் இடம் உண்டு. உடம்பிலேயே மிக வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களில் அங்குள்ளவையும் சேரும். புற்றுநோய்ச் செல்லும் அப்படித்தான் பெருகுகிறது. உங்களுக்கு ஏற்றிய சிவப்பு மருந்து, அதாவது டாக்ஸோரூபிசின், அதோடு சைக்ளோபாஸ்பமைடு, பிறகு வந்த பாக்ளிடாக்ஸெல் எல்லாம் பெருகுகிற செல்லைத் தேடி அடிப்பவை. எது நோய், எது முடி என்று பிரித்துப் பார்க்க அவற்றால் முடியாது. அடிக் குமிழில் வேலை நின்றதும் முடி அந்த இடத்தில் மெலிந்து ஒடிகிறது. அதனால்தான் முதல் கீமோ முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாக வந்தது. உச்சந்தலை தொட்டால் வலித்தது என்றீர்களே, அதுவும் இதில் அடிக்கடி வருவதுதான்.

“அப்ப வேரே செத்துப் போச்சா?”

இல்லை. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். முடியின் அடிக் குமிழுக்குச் சற்று மேலே, உடம்பு சிலிர்க்கும்போது முடியை நிமிர்த்துகிற குட்டித் தசை ஒட்டியிருக்கும் இடத்தில், ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. 1990இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த இடத்தை அடையாளம் காட்டினார்கள். இந்தச் செல்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், எப்போதாவதுதான் பிரியும். பிரியாத செல்லை மருந்து அதிகம் சீண்டுவதில்லை. வயலில் நின்ற பயிர் ஆலங்கட்டி மழையில் போய்விட்டது, குதிருக்குள் இருந்த விதைநெல்லை யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உடம்பை விட்டு நீங்கியதும் அந்த ஸ்டெம் செல்கள் விழித்து, அடியில் புதிய குமிழைக் கட்டி எழுப்புகின்றன. முடி திரும்பி வருவது இப்படித்தான்.

இனிக் கணக்கு. கடைசி கீமோ போட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும். மூன்று முதல் ஆறு வாரத்தில் பூனைமுடிபோல மெல்லிசாக ஒரு படலம் வரும். சில சமயம் நிறமே இருக்காது. அது நிலைக்குமா என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் மாதத்தில் உண்மையான முடி தெரியத் தொடங்கும். நன்றாக வளர்கிற முடியே மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே மூன்றாம் மாதம் தலை முழுக்கக் குட்டைமுடி, ஆறாம் மாதம் இரண்டு அங்குலம், ஒரு வருடத்தில் நான்கு ஐந்து அங்குலம். இடுப்பு வரை பின்னல் போட்டிருந்தவருக்கு அந்தப் பின்னல் திரும்ப ஐந்தாறு வருடமாவது ஆகும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் மாதாமாதம் ஏமாற்றமாக இருக்கும். புருவமும் இமைமுடியும் குட்டை என்பதால் சீக்கிரமே நிறைந்துவிடும். இமைமுடி ஒருமுறை முளைத்து மறுபடி கொஞ்சம் உதிரலாம், பிறகு வந்துவிடும்.

“இன்னும் ஊசி போட்டுட்டுதானே இருக்காங்க, ரேடியேஷன் வேற பாக்கி இருக்கே?”

மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஹெர்செப்டின் ஊசி பொதுவாக முடி வளர்வதைத் தடுப்பதில்லை. ரேடியேஷன் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்து முடியைத்தான் பாதிக்கும். மார்பில் கொடுத்தால் தலைக்கு ஒன்றும் ஆகாது. டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு முடியைச் சற்று மெலிதாக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பாமல் காப்பது அதுதான். முடி மெலிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

முன்போலவே இருக்குமா என்பதற்கு, பலருக்கு முதலில் இருக்காது என்பதே பதில். நேரான முடி இருந்தவருக்குச் சுருட்டையாக வரலாம். கருப்பாக இருந்தவருக்குச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரலாம். முடிக்கு நிறம் ஊட்டுகிற செல்கள் வேலைக்குத் திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். பெரும்பாலும் ஒரு வருடம் போல ஆனதும், பழைய தன்மை மெல்லத் திரும்புகிறது. வெள்ளையை மறைக்கிற அவசரத்தில் டை அடிக்க வேண்டாம். கீமோ முடிந்து ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள், தோல் அவ்வளவு மென்மையாக இருக்கும். கடையில் கருப்பு மெஹந்தி என்று விற்பதிலும் பல சமயம் பி.பி.டி. என்ற சாய ரசாயனம் இருக்கும், தலை கொப்பளிக்கக்கூடும்.

என்ன தடவலாம் என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் கொஞ்சம், மெதுவாக. வறட்சி போகும், அவ்வளவுதான். வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம், விலை கூடின சீரம் எதுவும் தூங்குகிற செல்லை எழுப்பியதாக நம்பும்படி ஆதாரம் இல்லை. அடிக்கடி மொட்டை அடித்தால் அடர்த்தியாகும் என்பதும் உண்மையில்லை. கத்தி படுவது தோலுக்கு மேலே, முடி உருவாவது உள்ளே. ஓரளவு ஆதாரம் உள்ள மருந்து மினாக்ஸிடில். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அது கொட்டுவதைத் தடுக்கவில்லை, ஆனால் முடி திரும்ப முளைக்கும் காலத்தை ஏறத்தாழ 50 நாள் குறைத்தது. டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பயோட்டின் மாத்திரையை மட்டும் டாக்டருக்குத் தெரியாமல் போடாதீர்கள். தைராய்டு, மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்திருக்கிறது. அந்தக் காசுக்கு முட்டை, பருப்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை வாங்குங்கள். கீமோ முடிந்தவருக்கு ரத்தச்சோகை சகஜம். இரும்புச்சத்து குறைந்தால் முடியும் தயங்கும்.

டெல்லி வெயிலில் வெறும் தலையோடு போகாதீர்கள்; பருத்தித் துணி கட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் உள்ளே பருத்தி, மேலே கம்பளிக் குல்லா. விக் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். செயற்கை இழை விக் என்றால் அதோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். சூட்டில் சுருங்கி உருகிவிடும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் முதல் கீமோ என்றீர்களே, அவரிடம் ஒன்று சொல்லுங்கள். மருந்து ஏறுவதற்கு அரைமணி முன்பிருந்து, ஏறி முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரை, தலைக்குக் குளிர்த் தொப்பி போடுகிற முறை இருக்கிறது. குளிரில் தலையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, முடிக்குப் போய்ச்சேரும் மருந்து குறைகிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 51 பெண்களிடம் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். தொப்பி போட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு முடி தங்கியது. போடாதவர்களில் ஒருவருக்கும் தங்கவில்லை. கொட்டியவர்களுக்கும் தொப்பி போட்டிருந்தால் சீக்கிரமே முளைத்தது. எல்லாருக்கும் பொருந்தாது, ரத்தப் புற்றுநோய்க்குப் போடுவதில்லை, எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. ஆனால் கேட்பதாக இருந்தால் முதல் டோஸுக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

நம் ஊரில் பழனியிலும் திருப்பதியிலும் மொட்டை போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்புகிறோம். அதே மொட்டைத் தலையை வீட்டில் நோயாளிப் பெண்ணிடம் பார்த்தால் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்; விதவைக்குத் தலை மழித்த பழைய கொடுமையின் நிழல் இன்னும் நம் கண்ணில் இருக்கிறது. அது பார்க்கிறவர் கண்ணில் உள்ள குறை. அதற்காக நீங்கள் கல்யாணங்களுக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

ஒரு சிலருக்கு, குறிப்பாக டோஸிடாக்ஸெல் ஏறியவர்களில் சிலருக்கு, முடி முழுதாகத் திரும்புவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் அதிக அளவில் புசல்ஃபான் எடுத்தவர்களுக்கும் அப்படி நேர்வதுண்டு. அவர்கள் தனியாக உட்கார்ந்து அழ வேண்டியதில்லை, தோல் மருத்துவரிடம் சிகிச்சை இருக்கிறது. ஆகவே கடைசி கீமோ தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதிலிருந்து ஆறு மாதம் எண்ணி இன்னொரு தேதியைக் குறியுங்கள். அதற்குள் யார் என்ன விற்க வந்தாலும் வாங்காதீர்கள். அந்தத் தேதியிலும் தலை திட்டுத் திட்டாக இருந்தால், புற்றுநோய் டாக்டரிடம் சொல்லித் தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள் அக்கா. இதுவும் உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.