செர்னோபில் குழந்தைகள் குடித்த பால்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஊற்றியிருக்கும் பாலிலிருந்தே தொடங்கலாம்.

அணு உலை விபத்து என்றதும் வெடிப்பும் தீயும்தான் கண்முன் வரும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தபோது அதுவும் நடந்தது. தீயணைப்பு வீரர்களும் ஊழியர்களுமாக 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் வந்தது. 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். ஆனால் தொலைதூரக் கிராமத்துக் குழந்தைகளைத் தேடிப் போன கேட்டுக்குத் தீயும் இல்லை, புகையும் இல்லை. அது புல் வழியாகப் போனது.

உலையிலிருந்து கிளம்பியவற்றில் ஒன்று கதிரியக்க அயோடின். காற்றோடு போய் மழையோடு இறங்கிப் புல்லில் படிந்தது. பசு ஒரு நாளில் மேயும் பரப்பு கொஞ்சமா? அத்தனை பரப்பிலும் படிந்தது அதன் மடியில் வந்து சேர்ந்தது. அங்கே அது இளவேனில். மாடுகள் மேய்ச்சலுக்கு இறங்கும் பருவம்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். நம் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். அதற்காகத்தானே உப்பில் அயோடின் சேர்க்கிறோம்! நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்று பிரித்தறியச் சுரப்பிக்குத் தெரியாது. கிடைத்ததை இழுத்து வைத்துக்கொள்ளும். செர்னோபிலைச் சுற்றிய பல பகுதிகளில் அப்போது உணவில் அயோடின் குறைவு. பசித்திருந்த சுரப்பி இன்னும் வேகமாக இழுத்தது. குழந்தையின் சுரப்பியோ மிகச் சிறியது. பெரியவர் குடித்த அதே டம்ளர் பால் குழந்தைக்குப் பல மடங்கு கேடு செய்தது இதனால்தான்.

என்னால் ஆற்றிக்கொள்ள முடியாத இடம் அடுத்து வருகிறது. இந்த அயோடினின் அரை ஆயுள் 8 நாள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை குழந்தைகளுக்குப் பழைய பால்பவுடரைக் கொடுத்திருக்கலாம். கறந்த பாலையும் கொட்ட வேண்டியதில்லை. பாலாடைக்கட்டியாக்கி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அயோடின் தானே அழிந்திருக்கும். இது அன்றைக்கே தெரிந்த அறிவியல். பக்கத்து நாடான போலந்து சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது. நல்ல அயோடினால் சுரப்பி நிரம்பிவிட்டால் கெட்டதற்கு இடம் இருக்காது.

உலையிலிருந்து கிளம்பிய இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் வேறு கதை. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. மண்ணில் ஊறிக் காளானிலும் காட்டுப் பழங்களிலும் ஏறும். 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், வேல்ஸ் மலைகளில் மேய்ந்த செம்மறி ஆடுகள் மீதான கட்டுப்பாடு 2012இல்தான் முழுமையாக நீங்கியது. சீசியத்திடம் மனிதனால் உடனே செய்யக்கூடியது குறைவு. அயோடினிடம் அப்படியில்லை, வாயைத் திறந்து சொன்னாலே போதும்.

சோவியத் அரசு ஏப்ரல் 28ஆம் தேதி இரவுதான் விபத்தைச் சில வரிகளில் அறிவித்தது. மே 1 அன்று, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த கீவ் நகரில் ஊர்வலம் நடந்தது, குழந்தைகளும் நடந்தார்கள். 2005 வரைக்குள், விபத்தின்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம். பெரும்பாலோர் பிழைத்தார்கள், கழுத்தில் அறுவைத் தழும்போடும் ஆயுள் முழுக்கத் தினமும் ஒரு மாத்திரையோடும்.

'பால் கொடுக்காதீர்கள்' என்ற சொல் பல கிராமத்துத் தாய்மார்களுக்கு உரிய நாளில் போய்ச் சேரவில்லை.