ஒரு கன்னி முயற்சி

மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதி நாவுலையைக் கடந்து தம்புள்ளையை அணுகும்போது, சமவெளியினின்று ஏறத்தாழ 160 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரு பெரும்பாறை வழிப்போக்கர் கண்ணிற் படும். அப்பாறையின் மேலே, இயற்கையாய் அமைந்த குடைவின் கீழ், ஐந்து குகைக் கோயில்கள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அரசிழந்து இங்கே மறைந்து வாழ்ந்தான் என்றும், அரசை மீளப் பெற்றபின் இவ்விடத்தைக் கோயிலாக்கினான் என்றும் மரபு கூறும். இன்று அங்கே காணப்படும் ஓவியங்களிற் பெரும்பாலானவை அதற்கு நெடுங்காலம் பிந்திய 18 ஆம் நூற்றாண்டுக்குரியவை. ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பை அவை நிறைத்திருக்கின்றன. 1991 ஆம் ஆண்டில் இக்கோயில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இக்குகைகளுள் மிகப் பெரியதினுள் நுழைந்து மேலே நோக்குபவர், பாறையைப் பார்ப்பதாக உணரார். சித்திரம் தீட்டிய துணி விதானம் ஒன்று தலைக்கு மேல் கட்டப்பட்டிருப்பதாகவே எண்ணுவர். இதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஓவியன் பாறையைச் செதுக்கிச் சமதளமாக்க முயலவில்லை. மெல்லிய சாந்து பூசி, பாறை மேடாகும் இடத்தில் ஓவியத்தையும் மேடாக்கினான்; பள்ளமாகும் இடத்தில் பள்ளமாக்கினான். மாரனுடைய சேனை புத்தரை எதிர்த்து வரும் காட்சி அந்த மேடு பள்ளங்களின் மீதே விரிகின்றது. பாறையை மாற்றும் வசதி அவனுக்கில்லை. ஆகவே பாறையின் போக்கையே தன் சித்திரத்தின் போக்காக ஏற்றுக்கொண்டான்.

இவ்வோவியங்கள் பல எழுந்த காலத்திற் கண்டியை ஆண்டவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை அரசு செலுத்திய அவன், மதுரை நாயக்கரோடு உறவு பூண்ட கண்டி நாயக்கர் வமிசத்தவன்; அவ்வமிசத்தவரின் முன்னோர் தெலுங்கு நாட்டினர். அத் தெலுங்கு நாட்டிலே, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, வேறோர் ஓவியர் இதே பாடத்தை இன்னொரு கலையிற் கற்றுக்கொண்டார். அக்கலை திரைப்படம். அவ்வோவியர் பாபு. அவர் நெறிப்படுத்திய முதற் படம் 1967 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாக்ஷி’.

பாபுவின் இயற்பெயர் சத்திராஜு லக்ஷ்மிநாராயணா. 1933 டிசம்பர் 15 ஆம் நாள் மேற்குக் கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த நரசாபுரத்திற் பிறந்து, சென்னையில் வளர்ந்து, சட்டம் பயின்றவர். ஆயினும் வழக்குரைஞர் மேலங்கியை விடத் தூரிகையே அவர் கைக்கு ஏற்றதாயிற்று. பத்திரிகைகளிற் கேலிச் சித்திரங்களும் கதைகளுக்கான படங்களும் வரைந்து பெயர் பெற்றார். அவருடைய உற்ற நண்பர் முள்ளபூடி வெங்கடரமணா, 1931 இல் கோதாவரிக் கரையிலுள்ள தவளேஸ்வரத்திற் பிறந்தவர், நகைச்சுவை எழுத்தாளர். ஒருவர் எழுத, மற்றவர் வரைய, இருவர் பெயரும் தெலுங்கு வாசகரிடையே பிரிக்கவொண்ணாத இணைப்பெயராயிற்று. ரமணா திரைப்படங்களுக்கும் எழுதத் தொடங்கினார். பாபுவுக்கோ ஒரு படத்தையேனும் நெறிப்படுத்திய அநுபவம் கிடையாது.

அக்காலத்திலே தெலுங்குப் படங்களிற் பெரும்பகுதி சென்னை நகரத்து ஸ்டூடியோக்களிலேயே தயாராயின. கிராமம் வேண்டுமென்றால் ஸ்டூடியோத் தளத்திற் குடிசைகள் எழுப்பப்பட்டன. ஆறு வேண்டுமென்றால் திரைச்சீலையில் ஆறு தீட்டப்பட்டது. இம்முறையிற் பல நன்மைகள் இருந்தன. மழை வந்து வேலையைக் கெடுக்காது. விளக்குகளை வேண்டியவாறு அமைக்கலாம். வெளியோசை வந்து உரையாடலைக் குலைக்காது. ஆயினும் தளத்துக்கு நாள்வாடகை உண்டு. தச்சருக்கும் வண்ணம் தீட்டுவோருக்கும் கூலி உண்டு. விளக்குகளுக்கும் மின்சாரத்துக்கும் செலவு உண்டு. இவற்றையெல்லாம் ஈடுசெய்யப் புகழ்பெற்ற நடிகர் வேண்டும். புகழ்பெற்ற நடிகரோ, பெயரறியாத நெறியாளரை நம்பித் தம் நாட்களைக் கொடுப்பது அரிது. முதல் முயற்சியில் இறங்குபவன் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் அடுத்த கண்ணி அவனைத் தடுத்து நிறுத்தும்.

பாபுவும் ரமணாவும் அச்சங்கிலியை விட்டு வெளியேறினர். கிராமத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருவதை விடுத்து, தாமே கிராமத்துக்குச் சென்றனர். கோதாவரிக் கரையிலுள்ள புலிதிண்டி என்னும் ஊர் அவர்களுடைய படப்பிடிப்புத் தளமாயிற்று. ஆறும் படகும் மணற்கரையும் அங்கே முன்னரே இருந்தன. அவற்றைக் கட்டுவதற்குத் தச்சர் வேண்டியதில்லை. கதாநாயகனாக நடித்த கிருஷ்ணா 1965 இல் தான் கதாநாயகனாக அறிமுகமானவர். கதாநாயகி விஜயநிர்மலா. இருவரும் இணைந்து நடித்த முதற் படம் இதுவே. பின்னாளில் அவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தனர். விஜயநிர்மலா தாமும் நெறியாளராகி நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கி, உலகில் மிகுதியான படங்களை நெறிப்படுத்திய பெண்மணியெனக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றார்.

கதை ரமணா எழுதிய சிறுகதையொன்றிலிருந்து பிறந்தது. கிஷ்டய்யா என்பவன் படகோட்டி, சூதுவாது அறியாதவன். ஊரே அஞ்சி நடுங்கும் முரடனொருவன் செய்த கொலையை அவன் கண்ணாற் காண்கிறான். நீ கண்டதை நீதிமன்றத்திற் சொல் என்று ஊரார் அவனைத் தூண்டுகின்றனர். அவனும் சாட்சி சொல்கிறான்; கொலைகாரன் சிறை புகுகிறான். சாட்சியைப் பழிவாங்க அவன் சிறையினின்று தப்பி வருகிறான் என்ற செய்தி எட்டியதும், நேற்றுவரை முதுகிலே தட்டிக்கொடுத்த ஊரார் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். போதாக்குறைக்கு, கிஷ்டய்யாவை விரும்பும் பெண்ணோ அக்கொலைகாரனின் உடன்பிறந்தாள். 1952 இல் வெளிவந்த ‘ஹை நூன்’ என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டவர்கள் இரண்டுக்குமுள்ள ஒற்றுமையை உணர்வர். ஆயினும் அங்கே தனித்து நிற்பவன் துப்பாக்கி ஏந்திய காவலதிகாரி. இங்கே தனித்து நிற்பவன் துடுப்பன்றி வேறொன்றும் பிடித்தறியாத ஏழை.

இத்தகைய கதைக்குத் திறந்தவெளி எவ்வளவு பொருத்தம் என்பதைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். ஸ்டூடியோவில் எழுப்பிய தெருவுக்கு நாலைந்து வீடுகளே இருக்கும். உண்மையான ஊரிலோ வீடுகள் பல, கதவுகள் பல. அத்தனை கதவுகளும் ஒருவனுக்குத் திறக்கவில்லையென்றால், அவனுடைய தனிமை காண்போர் நெஞ்சைத் தொடும். பணம் இல்லாமையால் தேர்ந்த வழி, கதையின் உட்பொருளுக்கும் உகந்த வழியாக அமைந்தது.

ஆயினும் திறந்தவெளிப் படப்பிடிப்பு எளிதென்று எண்ணுதல் தவறு. அதற்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. முதலாவது, ஞாயிற்றின் சட்டம். காலையிற் படம்பிடித்த காட்சியின் மறுபாதியை மாலையிற் பிடித்தால், நிழல் திசைமாறி விழுந்து, ஒரு நிமிட நிகழ்ச்சி அரைநாள் நிகழ்ச்சிபோற் தோன்றும். உச்சிவேளையில் ஒளி தலைக்கு மேலிருந்து விழுவதால் நடிகரின் கண்கள் குழிந்து இருண்டுவிடும். அதை நீக்க, வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்து, ஞாயிற்றொளியை முகத்தின்மீது திருப்புவர். மேகம் வந்து மூடினாலோ, அது விலகும்வரை அனைவரும் கைகட்டிக் காத்திருக்க நேரும்.

இரண்டாவது, பிலிம் சுருளின் சட்டம். 35 மில்லிமீற்றர் பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி வீதம் கமராவினுள் ஓடும். 1,000 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நடிகர் வசனத்தை மறந்தாலும், வேடிக்கை பார்க்கும் சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடினாலும், ஓடிய பிலிம் வீண். மீண்டும் எடுத்தாக வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்பதையும் அங்கேயே அறிய இயலாது. சுருள் நகரத்து ஆய்கூடத்துக்குச் சென்று கழுவப்பட்ட பின்னரே படம் தெரியும்.

இங்கேதான் பாபுவின் பழைய தொழில் அவருக்குக் கைகொடுத்தது. காட்சிகளை முன்கூட்டியே சிறு சிறு சித்திரங்களாக வரைந்துகொள்வது அவர் வழக்கம். கமரா எங்கே நிற்கும், நடிகர் எப்பக்கம் திரும்புவார், முகம் மட்டும் தெரிய வேண்டுமா, ஆறும் கரையும் சேர்ந்து தெரிய வேண்டுமா என்பவற்றையெல்லாம் கோடுகள் முன்னரே தீர்மானித்துவிடும். கடதாசியிற் செய்த பிழையை அழித்து எழுதச் செலவில்லை. பிலிமிற் செய்த பிழைக்குச் செலவு மிகுதி. அநுபவமில்லாத நெறியாளர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை.

இன்னொரு காப்பும் அவருக்கிருந்தது. தாம் அறியாத துறைகளில், அறிந்தவரை அவர் நாடினார். படத்துக்கு இசையமைத்தவர் கே. வி. மகாதேவன், ‘திருவிளையாடல்’ முதலிய படங்களால் தமிழ் நேயர்கள் நன்கறிந்தவர். ‘சாக்ஷி’ வெளிவந்த அதே 1967 ஆம் ஆண்டின் ‘கந்தன் கருணை’க்காக, சிறந்த இசையமைப்பாளருக்கென இந்திய அரசு முதன்முதல் வழங்கிய தேசிய விருதைப் பெற்றவரும் அவரே. பாடல் எழுதியவர்களுள் ஆருத்ரா ஒருவர். திருமணக் காட்சிப் பாடலைப் பாடியவர் பி. சுசீலா. இலங்கை வானொலியின் தெலுங்கு ஒலிபரப்பைக் கேட்டுப் பழகிய ஆந்திர நாட்டு நேயருக்கும் இப்பெயர்கள் புதியன அல்ல.

நம் நாட்டவர்க்கு இக்கதை முற்றிலும் புதியதன்று. ‘சாக்ஷி’க்குப் பதினோராண்டுகள் முன்னரே இத்தீவில் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1947 இல் முதற் சிங்களப் பேசும் படம் வெளிவந்த காலந்தொட்டுச் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களையே பெரிதும் நம்பியிருந்தன. அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், 1954 இல் உலர் வலயத்தில் மலேரியாவை ஒடுக்கிய வரலாற்றை ஒரு விவரணப் படமாக எடுத்தார். தம்புள்ளை அடங்கிய அவ்வுலர் வலயத்தின் வெயிலும் மக்களும் அவருக்குப் பாடசாலை ஆயின. பின்னர் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, தமது முதற் கதைப்படமான ‘ரேகாவ’வைப் பெரும்பாலும் கிராமத்துத் திறந்தவெளியிலேயே எடுத்தார். 1956 டிசம்பரில் வெளிவந்த அப்படம், அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிற் போட்டியிட்டது.

ஆனால் சொந்த நாட்டிலே அது பணமீட்டவில்லை. ஆடல் பாடல் நிறைந்த ஸ்டூடியோப் படங்களுக்குப் பழகிய கண்கள் இப்புதுமையை உடனே ஏற்கவில்லை. நிலையான சம்பளத்தை விட்டு வந்த மூவருக்கும் இது சிறிய அடியன்று. பீரிஸின் அடுத்த கதைப்படம் 1960 இல் தான் வெளிவந்தது. 1965 இல் அவருடைய ‘கம்பெரலிய’ புதுடில்லித் திரைப்பட விழாவிற் தங்க மயில் விருது பெற்றபோதே, ‘ரேகாவ’வில் ஊன்றிய விதை இன்னதென்று பலரும் உணர்ந்தனர். கன்னி முயற்சிகள் எல்லாம் வெல்வதில்லை. தோற்றவை எல்லாம் வீண்போவதுமில்லை.

பாபு, பீரிஸை விட ஒரு வகையிற் பாக்கியசாலி. ‘சாக்ஷி’க்கு அடுத்த ஆண்டே அவருக்கு இரண்டாம் படம் வாய்த்தது. 2011 இல் வெளிவந்த ‘ஸ்ரீ ராம ராஜ்யம்’ வரை அவருடைய திரைப்பணி நீண்டது. அவ்வாண்டிலேயே ரமணா காலமானார். பாபு 2014 ஆகஸ்ட் 31 ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பிற்காலத்திற் பெரிய அரங்க அமைப்புகளும் வண்ணப் படங்களும் அவருக்கு எட்டின. ஆயினும் கோதாவரி ஆறு அவர் படங்களை விட்டு அகலவில்லை. முதற் படத்தில் வறுமையாற் தேர்ந்த ஆற்றங்கரையை, வசதி வந்த பின்னர் விருப்பத்தாற் தேர்ந்தார்.

இன்று பிலிம் சுருளின் செலவு படமெடுப்போரை முன்போல் வருத்துவதில்லை. கைத்தொலைபேசியிலேயே கமரா உண்டு, எடுத்ததை அப்போதே பார்க்கலாம், பிழையானால் அழிக்கலாம். எனவே முதற் படம் எடுக்க விரும்பும் இளைஞருக்கு முன்னாளைய தடைகள் பல நீங்கிவிட்டன. நீங்காதது ஒன்றே: எதைக் காட்டுவது, எங்கிருந்து காட்டுவது என்ற கேள்வி. தம்புள்ளையிலேயே, 1999 இல் நிறுவப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியா மரக்கறியும் லொறிகளில் வந்து குவிகின்றன. தமிழும் சிங்களமும் கலந்த விலைபேசல் அங்கே ஒலிக்கின்றது. சுமை இறக்குவோர் மூட்டைமேற் சாய்ந்து கண்ணயர்கின்றனர். இவற்றை எந்த ஸ்டூடியோவிலும் கட்டியெழுப்ப இயலாது. அங்கே கமராவுடன் செல்லும் இளைஞர் ஒருவர், முதலில் ஒருநாள் கமராவைத் திறவாமல் அச்சந்தையைச் சுற்றிவந்து, பின்னர் ஒரு பென்சிலை எடுத்துத் தாம் கண்டதை வரைந்து பார்ப்பாராயின், பாபு சென்ற வழியிலே அவரும் முதலடி வைத்தவராவார்.