இணைப்பைத் தட்டினால் யாருக்குக் காசு?

மாணவர்களே, விடுமுறையில் மலாக்காவுக்குச் சுற்றுலா போகத் திட்டமிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அகப்பக்கத்தில் ஜோங்கர் சாலை, செட்டி கிராமம், பொய்யாத விநாயகர் ஆலயம் பற்றியெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார்கள். கடைசியில், "தங்குவதற்குச் சிறந்த விடுதி இதுதான்" என்று ஓர் இணைப்பு. அதைத் தட்டி அறை பதிவு செய்தால், அகப்பக்க உரிமையாளருக்கும் தரகு கிடைக்கலாம். இதைத்தான் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்கிறார்கள். அமேசான் நிறுவனம் 1996-இலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது.

நீங்கள் யார் சொல்லி வந்தீர்கள் என்பது விற்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. இணைப்பின் முகவரியிலேயே அது சேர்ந்திருக்கும். நீங்கள் தட்டியதும், விற்பனைத் தளம் அதைப் படித்து, உங்கள் உலாவியில் ஒரு சிறு குறிப்பை எழுதி வைக்கும். அதன் பெயர் குக்கீ. இணையத்தளங்களுக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு முறையும் உங்களைப் புதிய ஆளாகவே பார்க்கும். அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கியதே குக்கீ.

நீங்கள் பணம் கட்டும்போது தளம் அந்தக் குறிப்பைப் பார்க்கும். அறை வாடகை 200 ரிங்கிட், தரகு 4 விழுக்காடு என்றால், உரிமையாளருக்கு 8 ரிங்கிட். பெரும்பாலும் இது விற்பவரின் வருமானத்திலிருந்து போகிறது. உங்களுக்கு விலை கூடாது. ஆனால், குறிப்புக்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் வேறொருவரின் இணைப்பைத் தட்டினால், பொதுவாகக் கடைசி ஆளுக்கே காசு. விவரமாக எழுதிய முதல் ஆளுக்கு ஒன்றுமில்லை!

இந்தக் கணக்கு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. அன்று ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போன கங்காணிகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. ஆள் வந்தால்தான் வருமானம் என்றால், மலாயாவின் நல்லதைச் சொல்லும் வாய் கெட்டதையும் சொல்லுமா?

இன்றும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தரகு வாங்குவது குற்றமல்ல, மறைப்பதுதான் தவறு. ஆகவே, "இந்த இணைப்பால் எனக்கு வருமானம் உண்டு" என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பொருளின் குறைகளையும் எழுதியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். விலையை வேறு இரண்டு இடங்களில் ஒப்பிடுங்கள். நாளை நீங்களே அகப்பக்கம் நடத்தினால், அந்த அறிவிப்பை வாசகர் கண்ணில் படும்படி முதலிலேயே போட்டுவிடுங்கள்.