நாலே முக்கால் லட்சம் பாட்டுக்கு ஒரு பட்டியல்

கன்னட பக்திக் கவி புரந்தரதாசர் 4,75,000 பாடல்கள் பாடினார் என்பது மரபு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் காலம் 1484 முதல் 1564 வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வியாபாரத்தையும் வட்டித் தொழிலையும் உதறிவிட்டுத் தம்பூராவை எடுத்தபோது வயது நாற்பதை ஒட்டி இருக்கும். மிச்சம் நாற்பது ஆண்டு, அதாவது சுமார் 14,600 நாள். நாளுக்கு 32 பாட்டு. தூக்கத்தைக் கழித்தால் அரை மணிக்கு ஒன்று. காய்ச்சல், ஏகாதசி, ஊர்விட்டு ஊர் நடை எதற்கும் விடுமுறை கிடையாது, எண்பது வயது வரைக்கும்!

பக்தியில் பிறந்த எண்ணை அப்படியே விட்டுவிடலாம். இன்று கையில் இருப்பவை ஏறக்குறைய ஆயிரம். அந்த ஆயிரத்தையும் இணையத்தில் முறையாகப் பட்டியலிடுவது என்றால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? அதற்குப் பெங்களூரைவிடத் தோதான ஊர் கிடைக்காது. பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் ஒரு தெருவில் மென்பொருள் எழுதுகிறவர் இருப்பார், அடுத்த தெருவில் தாசர் பதங்கள் பாடும் பஜனை மண்டலி இருக்கும். வேலை முடியாமல் போனால் ஆள் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பட்டியலிடச் சுலபமான வாக்கேயக்காரரும் இந்த ஊரிலேயே உண்டு. மைசூரின் கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையார். 1919இல் பிறந்தவர், 1974இல் பெங்களூர் அரண்மனையில் காலமானவர். 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். அவர் இயற்றியவை 94 கிருதிகள், எல்லாம் சமஸ்கிருதம், எல்லாவற்றிலும் ‘ஸ்ரீவித்யா’ முத்திரை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகம். பட்டியல் போடுகிறவருக்கு இதைவிடச் சுகம் வேறென்ன வேண்டும்? ராகத்தின் பெயரைச் சொன்னாலே கிருதி வந்து நிற்கும். (மேற்கத்திய இசைக்கும் அவர் அள்ளிக் கொடுத்தார். ரிஹார்ட் ஸ்ட்ராஸின் ‘கடைசி நான்கு பாடல்கள்’ 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முதன்முதலாக ஒலித்ததற்குப் பின்னால் இவர் பணம் இருந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை இவருக்கே காணிக்கையாக்கினார்.)

புரந்தரர் அப்படி இல்லை. அவர் எழுதிவைத்த ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. வாய்வழியாக வந்தவை சுவடிகளில் ஏறி, சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்தன. பாஸல் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் மோக்ளிங் 1850இல் மங்களூரில் தாசர் பாடல்களை அச்சிட்டபோது, புரந்தரர் மறைந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதல் சிக்கல், வரிசை எண். இதில் மோட்ஸார்ட்டின் கதை நல்ல பாடம். லுட்விக் ஃபான் கோஷெல் சட்டம் படித்தவர், செடிகளையும் கனிமங்களையும் வகைப்படுத்துவதில் பித்து. அதே பித்தோடு 1862இல் மோட்ஸார்ட்டின் படைப்புகளைக் கால வரிசையில் அடுக்கி 626 எண்கள் கொடுத்தார். கடைசி எண், முடிக்காமலே விட்டுப்போன ரெக்வியம். பிறகு ஆராய்ச்சியில் தேதிகள் மாறின. தேதி மாறினால் வரிசை மாறும், வரிசை மாறினால் எண் மாறும். 183ஆம் எண்ணில் இருந்த ஜி மைனர் சிம்பொனி, 173க்குப் பின்னால் எழுத்துகள் ஒட்டிய விசித்திரமான ஓர் எண்ணுக்குக் குடிபெயர்ந்தது. ரசிகர்கள் பழைய எண்ணையும் விடவில்லை. 2024இல் வந்த புதிய பதிப்பு காலவரிசைப் பிடிவாதத்தைக் கைவிட்டது. லைப்சிக் நூலகத்தில் அகப்பட்ட ஒரு சின்னஞ்சிறு படைப்பு அதில் 648 என்று பேசாமல் 626க்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

ஆகவே இணையப் பட்டியலில் ஒரு பாட்டுக்குத் தரும் அடையாளக் குறிக்கு அர்த்தமே இருக்கக் கூடாது. காலம், ராகம், அகரவரிசை எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கக் கூடாது. மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த இசைத் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் 36 இடங்கள் கொண்ட ஒரு குறியைத் தருகிறது. பார்க்க உளறல் மாதிரி இருக்கும், ஆனால் நாளை என்ன கண்டுபிடித்தாலும் அதை மாற்ற வேண்டியிராது. பார்சிலோனாவில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் சென்னை ஐஐடியோடு சேர்ந்து கர்நாடக இசையை ஆராய்ந்தபோது, கச்சேரிப் பதிவுகளின் விவரங்களை இந்தத் தளத்தில்தான் சேர்த்தது.

அடுத்த சிக்கல் பெரியது. ஒரு பாட்டு என்பது எது? மேற்கே ஒவ்வொரு படைப்பின் தொடக்க ஸ்வரங்களையும் பட்டியலிலேயே அச்சிடுவார்கள், அதை வைத்துத் தேடவும் செய்யலாம். புரந்தரர் பாட்டில் அந்த வழி செல்லாது. பெரும்பாலானவற்றின் ஆதி மெட்டு போய்விட்டது. ‘பாக்யத லக்ஷ்மி பாரம்மா’ வெள்ளிக்கிழமை தோறும் தமிழ் வீடுகளிலும் ஒலிக்கிறது. ஒருவர் ஸ்ரீ ராகம் என்பார், இன்னொருவர் மத்யமாவதியில் பாடுவார், இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷியிடம் கேட்டுப் பழகியவருக்கு அது இன்னொரு உலகம். ராகத்தை நம்பினால் ஒரு பாட்டு மூன்றாகிவிடும்.

அதனால் பட்டியலை அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும். மேலே பாடல். அதன் கீழே பாடபேதங்கள்: எந்த அச்சில் எத்தனை சரணம், எந்தச் சொல் மாறியிருக்கிறது. அதன் கீழே பாடாந்தரங்கள்: யார் வழியில் எந்த ராகம், எந்தத் தாளம். கடைசியில் ஒலிப்பதிவுகள். ராகம் பாடலின் குணமாக இல்லாமல் பாடாந்தரத்தின் குணமாக இறங்கிவிடும். உடையார் கிருதிகளில் ராகம் மேல் அடுக்கிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு பேரையும் ஒரே படிவத்தில் திணிக்கப் பார்த்தால் இருவருக்கும் அநியாயம்.

முத்திரை இருக்கிறதே, அதை வைத்து ஆசிரியரைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ‘புரந்தர விட்டல’ என்று முடிந்தால் அவருடையது. பாதி உண்மை. முத்திரை பெரும்பாலும் கடைசிச் சரணத்தில் வரும், மேடையில் முதலில் வெட்டுப்படுவது சரணங்கள்தான். ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ புரந்தரருடையது என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய குரு வியாசராயருடையது. கடைசிச் சரணம் வரை பொறுத்தால் உடுப்பி கிருஷ்ணன் பெயரில் அவர் முத்திரை வந்துவிடும். மறுபக்கம், பேர் பெற்றவர் முத்திரையைத் தன் பாட்டில் வைத்துவிடுவது எந்தக் காலத்திலும் எளிது. எனக்குத் தோன்றுவது இதுதான்: ‘ஆசிரியர்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் பட்டியல் கெட்டது. யார் சொன்னது, எந்தச் சுவடியில், எந்த ஆண்டு அச்சில், எந்தப் பாடகர் வழியில் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வரி வேண்டும். இரண்டு கூற்றுகள் மோதினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஆயிரம் என்ற எண் 900 ஆகலாம், 1,300 ஆகலாம். எதை எண்ணினோம் என்று காட்டினால் போதும்.

தேடல் பெட்டியில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். கணினியில் இந்திய எழுத்துகளுக்கான யூனிகோடு எண்கள், 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அடுக்கப்பட்டவை. தமிழ் வரிசை 2944இல் தொடங்குகிறது, கன்னட வரிசை 3200இல். தமிழ் ‘க’ 2965, கன்னட ‘க’ 3221. ‘ப’ 2986, கன்னடத்தில் 3242. இரண்டுக்கும் பொதுவான எழுத்துகளில் வித்தியாசம் 256தான்! இரண்டு அரங்குகளில் ஒரே மாதிரி எண்ணிட்ட நாற்காலிகள் போல. கன்னட அரங்கில் 3242க்கு அடுத்த மூன்று நாற்காலிகளில் மற்ற மூன்று ‘ப’க்கள் உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் அரங்கில் 2987, 2988, 2989 மூன்றும் காலி. 2990இல் நேராக ‘ம’.

கன்னடத்திலிருந்து தமிழுக்கு வருவது இதனால் எளிது. 256ஐக் கழித்து, காலி இடத்தில் விழுந்ததை முதல் ‘ப’வுக்குத் தள்ளிவிட்டால் ஆயிற்று. திருச்சியிலிருந்து ஒருவர் தமிழில் தட்டினால், பட்டியல் தன் கன்னட வரிகளையும் அப்படியே சுருக்கி ஒப்பிட்டுப் பாட்டைக் கொண்டுவந்துவிடும். திரும்பிப் போகத்தான் வழியில்லை. தமிழ்நாட்டுப் பாட்டு வாத்தியார்களின் நோட்டுகளில் தாசர் பதங்கள் தமிழ் எழுத்தில் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து எழுத்தாக்கலாம், கன்னடமாக்குவதை இயந்திரத்தின் கையில் மட்டும் விட முடியாது. கன்னடம் தெரிந்த ஒருவர் வரிவரியாக உட்கார வேண்டும். ‘பாக்யத’வில் இருப்பது நான்காவது ‘ப’. ‘பாரம்மா’வில் மூன்றாவது.