உங்களுக்குத் தெரியுமா? பாத்திக் துணி வாங்கித் தந்த 10 ஏக்கர்!

ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் நிலம், கலைஞர்கள் தங்கள் கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் வாங்கியது.

1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு முதல்வரானவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவது அவரை வருத்தியது. கைத்தொழிலே சோறு போடட்டும், ஓவியம் சுதந்திரமாக இருக்கட்டும் என்று வழிசொன்னார். ஆசிரியர்களும் மாணவர்களும் கைவினைச் சங்கம் அமைத்து, பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள்.

அந்த வருமானத்தில்தான் 1966இல் கடலோரத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் வாங்கினார்கள். வீடும் பட்டறையும் அங்கேயே எழுந்தன.

செப்புத் தகட்டைத் தட்டிச் சிற்பம் வடித்த பி.வி. ஜானகிராம், உலோகச் சிற்பி எஸ். நந்தகோபால் போன்றவர்கள் இந்தக் கிராமத்தின் பெருமை. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் 2009இல் இங்கே திறக்கப்பட்டது.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்விடலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.